தையல் பிரிக்காத ஸ்வெட்டர்

கிள்ளானில் தையல் சாமான் எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் என் கடைப் பக்கம்தான் கை காட்டுவார்கள். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பந்திங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஊசியும் பொத்தானும் ரிப்பனும் விற்றுத் தொடங்கியவன் நான். ஆறாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. வங்கிக்காரன் கடன் தரவில்லை, சொந்தக்காரன் ஜாமீன் போடவில்லை. ஆனாலும் கடை எழுப்பினேன். ஒருமுறை வெள்ளம் புகுந்து சரக்கெல்லாம் ஊறிச் சாயத் தண்ணீர் தெருவில் ஓடியது. கடையை மூடிவிடுவேன் என்று பந்தயம் கட்டியவர்கள்கூட உண்டு. அடுத்த தீபாவளிக்குள் அலமாரிகளைத் திரும்ப நிறைத்துக் காட்டினேன். மகனை வக்கீலாக்கினேன், மகளைப் பல் டாக்டராக்கினேன். மலாய்த் தையற்காரரும் சீன மொத்த வியாபாரியும் இன்றைக்கும் என் வாய்ச்சொல்லை நம்பித்தான் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். இதில் எதையும் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

அதிலும் நூல் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. தொண்டுக்காகப் பின்னுகிற பெண்கள் ஆண்டுதோறும் என் கடைக்குத்தான் வருவார்கள். வந்ததும் போனை நீட்டி, "அங்கிள், இந்தக் கலர் இருக்கா?" என்பார்கள். கலர் கடைசியில் பார்க்க வேண்டியது. "யாருக்குப் பின்னுறீங்க? மொதல்ல அதச் சொல்லுங்கம்மா" என்பேன். குறைமாதக் குழந்தைக்குக் குல்லாய் என்றால் ரோமம் உதிராத மெல்லிய பருத்தி நூல்தான். இல்லாவிட்டால் குழந்தையின் வாய்க்குள் போகும். முதியோர் இல்லத்துக்குப் போர்வை என்றால் மெஷினில் போட்டாலும் சுருங்காத செயற்கை நூல் போதும். அங்கே யார் உட்கார்ந்து கையால் அலசப் போகிறார்கள்? கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்றால் அசல் ஆட்டு ரோமம். அது பனியில் நனைந்தாலும் சூடு குறையாது. நூலைக் கையால் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கன்னத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன்.

"இதெல்லாம் எங்க அங்கிள் படிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

படித்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. நாங்கள் குடியிருந்த ரயில்வே வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் அங்கே கூடி, மலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குல்லாயும் சட்டையும் பின்னுவார்கள். ஒரு டீச்சரம்மா கூட்டத்தை நடத்தினார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த என் அக்காதான் அங்கே கை வேகத்துக்குப் பெயர் போனவள். அவளுக்குப் பின்னாலேயே நானும் போய்விடுவேன்.

புதுக் கம்பளி நூல் வாங்க அந்தக் கூட்டத்துக்கு வசதி கிடையாது. சீமைக்குப் போய் வந்தவர்கள் வீட்டிலிருந்து பழைய ஸ்வெட்டர்களை வாங்கி வந்து பிரித்துத்தான் நூல் எடுப்பார்கள். எதைப் பிரிப்பது என்பதில்தான் சூட்சுமம். வெந்நீரில் துவைத்ததைப் பிரிக்கவே முடியாது, இழையோடு இழை ஒட்டிப்போயிருக்கும். நிறைய நாள் உடுத்தியது முழங்கையிலும் அக்குளிலும் தேய்ந்து, பிரிக்கப் பிரிக்க அறுந்துகொண்டே வரும். குவியலில் கையை விட்டு நல்லதை உருவி எடுப்பதில் பெரியவர்களே எனக்குப் பிறகுதான். இதை நானாகச் சொல்லவில்லை, டீச்சரம்மாவே எல்லார் முன்னிலையிலும் சொன்னது.

அதற்கு முந்தைய வருடம் அத்தை மகன் சீமைக்குத் தாதி வேலை படிக்கப் போயிருந்தான். அப்பாவின் தங்கையான அத்தை, கிள்ளானில் இருந்தாள். அக்காவுக்கு அவன் முறை மாப்பிள்ளை. நிச்சயம் என்று பாக்கு வெற்றிலை மாற்றவில்லை. ஆனால் அத்தை வரும்போதெல்லாம் அக்காவின் கன்னத்தைக் கிள்ளி, "எங்க வீட்டு மருமக" என்பாள். அப்பாவும் வேறு வரன் பேச்சையே எடுக்கவிடவில்லை. அவன் கப்பல் ஏறுவதற்கு முன் அக்கா ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். அந்த ஒன்றுக்கு மட்டும் புது நூல், துணி தைத்துச் சம்பாதித்த காசில் வாங்கினாள். கடையில் அவள் நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் கரும்பச்சைமேல் விரலை வைத்தேன். "சரி, ஒன் இஷ்டம்" என்று சிரித்து அதையே எடுத்தாள். கழுத்துப்பட்டி முடியும் இடத்தில் நூல் பற்றாமல் போய், உள்பக்கம் மட்டும் பழுப்பு நூலைச் சேர்த்தாள். மடித்து அனுப்பும்போது கலையாமல் இருக்க, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டாள். ஒரே இழுப்பில் பிரித்துவிடலாம் என்று எனக்குச் செய்து காட்டி, திரும்பவும் தைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து ஒரு சாக்கு வந்திருந்தது. அத்தை யாரோ ரயிலில் வந்தவரிடம் கொடுத்து அனுப்பியது. பழைய துணி, பின்னுகிறவர்களுக்கு உதவும் என்றாளாம். அக்காதான் சாக்கைப் பிரித்துத் தரையில் கொட்டினாள். அத்தை வீட்டுக்காரரின் நைந்த ஸ்வெட்டர், யாருடையதோ சால்வை, குழந்தைச் சட்டைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பச்சை தெரிந்தது. அக்கா அதைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு குவியலுக்கு அடியில் தள்ளி, மேலே அந்தச் சால்வையைப் போட்டு மூடினாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவுக்குப் பின்னத் தெரியும், பொறுக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். அவ்வளவு கனமான நூலைப் போய் யாராவது அடியில் தள்ளுவார்களா? கையை விட்டு உருவினேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கழுத்தைப் புரட்டினேன். உள்ளே பழுப்பு.

"அக்கா! இது நீ மச்சானுக்குப் பின்னுனது!"

மண்டபத்தில் எல்லாரும் பின்னுவதை நிறுத்தித் திரும்பினார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரி மட்டும் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"என்னாடி இது, லண்டன் போன சட்டை கிள்ளானே தாண்டலையா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள்.

"அளவு சரியா வரலக்கா. சின்னதாப் போச்சு. அதான் அத்தை நம்ம பிள்ளைங்களுக்கு ஆகட்டும்னு அனுப்பியிருக்காங்க."

எனக்கு அது பொறுக்கவில்லை. அக்கா அளவு தப்பிப் பின்னுகிறவளா? அவள் கைவேலைக்கு வந்த பழியைத் துடைக்க வேண்டியது என் பொறுப்பு அல்லவா? ஸ்வெட்டரை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

"இல்லக்கா! மச்சான் போட்டே பாக்கல! கையப் பாரு, நீ போட்ட தையல் அப்படியே இருக்கு. புத்தம் புதுசுக்கா!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி ஊசியைக் கீழே வைத்தாள். டீச்சரம்மா தொண்டையைக் கனைத்து, "இத வேணாம்னா வச்சிரும்மா, வேற பாத்துக்கலாம்" என்றார். நான் விடவில்லை. புது நூல் டீச்சர், அறவே அறாது, பத்துக் குல்லாய் வரும் என்று வாதாடினேன்.

"கத்திரிய எடுத்துட்டு வாடா" என்றாள் அக்கா.

வெள்ளைத் தையலை வெட்டினாள். பக்கத் தையல்களைப் பிரித்தாள். கழுத்தில் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தாள். முதலில் பழுப்பு வந்தது, பின்னால் பச்சை. நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன், அவள் என் கைகளைச் சுற்றிச் சுற்றி நூலைச் சேர்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரை இரைந்தது. நான் சொன்னபடியே நூல் எங்கும் அறுபடவில்லை. அவ்வளவு நேரத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையில் கவனமாக இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

புறப்படும்போது டீச்சரம்மா என் தலையில் கை வைத்து, "நல்ல கண்ணுடா ஒனக்கு. கடை வச்சாப் பொழச்சிக்குவ" என்றார். ஆனால் அவர் பார்த்தது அக்காவை.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் எதிர்வீட்டுக்காரி போய்ச் செய்தியைச் சொல்லியிருந்தாள். அம்மா வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"இப்பத்தானேம்மா பாத்தேன். அவருக்கு எழுதிக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன்."

"கேக்க என்னா இருக்கு?" என்றார் அப்பா. சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "ஊரே சிரிச்சாச்சு."

"அப்பா, ஒரு மாசம் பொறுங்கப்பா. பதில் வரட்டும்."

அவர் பொறுக்கவில்லை. மழையோடு கிள்ளானுக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததைப் பிற்காலத்தில் அத்தை வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். பெட்டி நிறைந்துவிட்டது, கடைசி நேரத்தில் சிலதை எடுத்து வைத்தோம், அதில் இது மாட்டிக்கொண்டது, எந்தச் சாக்கில் கிடந்தது என்றே தெரியாது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். "எம் மக கைவேலைக்கு எடமில்லாத பெட்டியா?" என்றாராம் அப்பா. "வாக்கப்படறதுக்கு முந்தியே இவ்வளவு அதிகாரமாண்ணே?" என்றாளாம் அத்தை. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பாவின் சாவுக்குத்தான் அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதித்தாள்.

அத்தை சொன்னது உண்மையா, மகனுக்கு வேறு எண்ணம் இருந்ததா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. படிப்பை முடித்துக்கொண்டு அவன் தனியாளாகத்தான் திரும்பி வந்தான். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லாததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஈப்போவில் பெண் எடுத்தார்கள். அக்காவைப் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும், முறை மாப்பிள்ளையே வேண்டாமென்று விட்ட பெண்ணா என்று பின்வாங்கினார்கள். பிறகு வரவும் இல்லை. கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி அந்த மண்டபத்துக்கே பின்னப் போனாள். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அந்தப் பச்சையைப் பற்றி ஒருநாளும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

குவியலுக்கு அடியில் அவள் அதைத் தள்ளியபோது, நல்ல நூலைக் கண்டுகொள்ளாமல் விட்டாள் என்றுதான் அந்த ஏழு வயதுப் பிள்ளை நினைத்தது. முதலில் கண்டதே அவள்தான் என்று அதற்குத் தெரியாது. ஒரு கடிதம் போய் ஒரு பதில் வரும்வரை, கண்டதைக் காணாததுபோல் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்க ஒரு மனுஷி தயாராக இருந்தாள் என்பது ஏழு வயதுக்கு எப்படிப் புரியும்? அண்ணன் தங்கை உறவையும் சேர்த்துத்தான் அவள் அந்தச் சால்வைக்கு அடியில் மூடி வைத்தாள்.

இப்போது மண்டபத்தில் அவள் படத்தைத் திறக்கப் போகிறார்கள். படத்துக்குக் கீழே போடும் வாசகத்தை, இப்போது அந்தக் கூட்டத்தை நடத்துகிற அம்மா போனில் படித்துக் காட்டினார். 'தொண்டுக்காகவே மணவாழ்வைத் துறந்தவர்' என்று எழுதியிருக்கிறார்களாம். அவள் எதையும் துறக்கவில்லை, அம்மா. கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள், பதிலுக்குக் காத்திருக்கக் கேட்டாள், கிடைக்கவில்லை. அப்பாவின் கோபம், அத்தையின் வீம்பு என்று எங்கள் சொந்தத்தில் ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். என் பேரை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை, சின்னப் பிள்ளை என்று தள்ளிவிடுகிறார்கள். குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஏழு வயதுக்கு என்ன குற்றம்? ஆனால் அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் அந்தத் தையலைப் பார்த்தவன் நான், பார்த்ததைச் சொன்னவன் நான், அவளை ஆயுசுக்கும் அந்த மண்டபத்தில் உட்காரவைத்ததில் என் பங்கு பெரியது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவள் பேருக்குக் கீழே, அவளுக்கு நூல் பொறுக்கிக் கொடுத்த தம்பி என்று என் பேரையும் போடுங்கள். அது எனக்குச் சேர வேண்டியது.