பிரேக் அக்கா கத்தாத நாலு வாரம்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்குப் பெயர் ‘பிரேக் அக்கா’. பக்கத்து இருக்கையிலிருந்து அவள் ஒரு சத்தம் போட்டால் ஓட்டப் பழகுகிறவர் மட்டுமல்ல, எதிரே வரும் லாரியும் நிற்கும் என்பார்கள். வயது நாற்பத்து நான்கு. மூன்று வகை மாத்திரை விழுங்கியும் ரத்த அழுத்தம் நூற்று எழுபதை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கத்துவதை நிறுத்தினால் தானாக இறங்கும் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். அவளும் நம்பிவிட்டாள்.

புதிதாகப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று பிரேக் அக்கா சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பதையும் கவனித்தாள். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்பு உப்பை விடாமல் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும், அழுத்தமும் ஏறும் என்று விளக்கினாள். ஆனால் உடனே சோதிக்க முடியாதாம்.

"நீங்க சாப்பிடுற மாத்திரையே ரத்தத்துல ஹார்மோன் அளவை மாத்திடும்மா. ஒண்ணு ஏத்தும், ஒண்ணு இறக்கும். இப்ப பாத்தா உங்க உடம்பு சொல்றது எது, மாத்திரை சொல்றது எதுன்னு தெரியாது."

அதனால் நாலு வாரத்துக்கு, அந்த ஹார்மோனைத் தொடாத வேறு மாத்திரைகள். காலையும் மாலையும் அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் டாக்டர் சொன்னது. நூலகத்தில் வேலை பார்த்துப் பார்த்துக் குசுகுசுவென்றே பேசப் பழகிவிட்ட அவள் கணவர், அந்த நாலு வாரமும் கத்தக் கூடாது என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்.

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தேனாகப் பேசினாள். அப்போது அவளிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஒருநாள் அவர் வண்டியை நேராகச் சுவரைப் பார்த்து ஓட்டினார். தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்திய அவள், "அது செவுரு கண்ணு. அது நமக்கு வழி விடாது," என்றாள். பல் டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. அக்கா, திட்டிடுங்க, இது இன்னும் பயமா இருக்கு என்று கெஞ்சினார். வாரம் நான்கும் ஓடின. ஒரு நாள்கூட அவள் குரல் உயரவில்லை. அழுத்தமும் ஒரு புள்ளி இறங்கவில்லை.

சோதனை முடிவு வந்தது. அந்த ஹார்மோன் உச்சியில் நின்றது. ஸ்கேனில் இடது சுரப்பியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. பயப்படும்படியானது இல்லை, எடுத்துவிடலாம் என்றாள் டாக்டர்.

"அப்ப நான் கத்தினதால இல்லையா?"

"கத்துறது உங்க குணம். இது கட்டியோட வேலை."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஆபரேஷன் என்று சொன்ன பிறகு இப்படிச் சிரித்தவரை அந்த டாக்டர் பார்த்ததில்லை. நடைபாதையில் சிரித்தாள், லிஃப்டில் சிரித்தாள், ஆட்டோவில் கணவர் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள். ஆட்டோக்காரருக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு ஒட்டிக்கொண்டது.

மூன்று சின்னத் துளைகள் போட்டுக் கட்டியை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு மாத்திரையில் அழுத்தம் நூற்று இருபத்து நான்கு. அவளால் நம்ப முடியவில்லை. கணவரை இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக் கருவியிலும் பார்த்தாள். அங்கே நூற்று இருபத்திரண்டு. மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பஸ்ஸையும் ஆட்டோவையும் தவிர வேறெதையும் நம்பாத தன் கணவரை நேரே பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தாள்.

"எனக்கு வராதும்மா," என்றார் அவர்.

"வரும். கிளட்ச்சை விடுங்க, மெதுவா... மெதுவான்னு சொன்னேன்ல!"

வண்டி தவளை போலத் துள்ளியது. மைதானமே திரும்பிப் பார்க்கும்படி அவள் கத்தினாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்றுக்கு வண்டியைத் திருப்பினார்.