மேட்னிக் குளிர்

எங்கள் ஊர் தியேட்டர் ஒன்றில் முதன்முதலாக ஏ.சி. போட்டது எழுபதுகளின் கடைசியில். 'குளுகுளு வசதி செய்யப்பட்டது' என்று கதாநாயகன் முகத்தைவிடப் பெரிதாகப் போஸ்டர் ஒட்டினார்கள். ஊரே படம் பார்க்கப் போனது. நான் என் மனைவியைத் தூங்கவைக்கப் போனேன்.

அவளுக்கு ஈரலில் நோய். உடம்பெல்லாம் எரிகிறது என்று இரவும் பகலும் கண் மூடாமல் கிடந்தாள். நெசவு வீட்டில் பாவு நூல் தறியில் இருக்கும்வரை மின்விசிறி போட முடியாது. காற்றில் பட்டு இழை காய்ந்து அறுந்துபோகும். தறியை நிறுத்துகிறேன் என்றால், "அப்புறம் மருந்துக்கு எங்க போவீங்க?" என்பாள். நெசவாளி மகள், அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? மேட்னிக்கு மட்டும் சம்மதித்தாள்.

பெண்டாட்டி கிடக்கிற கிடையில் இவனுக்குச் சினிமா கேட்கிறதா என்று தெருவில் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். விளக்கு அணைந்து குளிர் இறங்கியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

ஆனால் இடைவேளை முடிந்ததும் ஏ.சி. மெஷினை நிறுத்திவிடுவார்கள். உள்ளே வந்த கூட்டம் எங்கே போய்விடும் என்கிற தெம்பு முதலாளிக்கு. புழுக்கம் ஏற ஏற அவள் விழித்துக்கொள்வாள். ஒருநாள் மெஷின் ரூமுக்கே போய், அவள் நிலையைச் சொல்லி ஆபரேட்டரிடம் கத்தினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மொதலாளி சொன்னா நிறுத்தித்தான் ஆவணும்பா. அந்தம்மாவ செவுத்தோரமா, ஏ.சி. காத்து வர்ற ஜன்னலுக்குக் கீழ உக்கார வை. கம்ப்ரசர நிறுத்திட்டு ஃபேன மட்டும் ஓட்டுறேன். மிச்சம் இருக்கிற குளிராவது வரும்."

மறுநாள் படம் முடிகிறவரை தூங்கினாள். எழுப்ப எனக்கு மனசே வரவில்லை. "முடிஞ்சிபோச்சா?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவளால் ரிக்‌ஷாவில் ஏற முடியவில்லை. அவள் பேச்சைக் கேட்காமல் தறியிலிருந்த பாவு நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, விசிறி வாங்கி மாட்டினேன். அது கூடத்து அனலையே கிளறி அவள்மேல் கொட்டியது. ஆபரேட்டரின் மிச்சக் குளிருக்கு நான் எங்கே போவேன்?

ஆடி பிறக்குமுன் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாம், "தூங்கற மாதிரியே இருக்குது பாரும்மா" என்று சொல்லி அழுதார்கள். தூங்கும்போது அவளுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும். அதைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.