அப்பா பார்க்காத ஐஸ்

அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு ஆக்லாந்தில் ஒடாஹுஹு வீட்டிலிருந்து கிளம்பினேன். விமான நிலையத்துக்கு இருபது நிமிடம். ஏழு மணி விமானத்தில் கிறைஸ்ட்சர்ச். அங்கிருந்து வாடகைக் காரில் முந்நூற்று முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் மவுண்ட் குக் மலையடிவாரத்தில் டாஸ்மன் ஏரி. பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த பனிப்பாறைகள் வீடு உயரத்துக்கு மிதக்கிற ஏரி. போய்வர இரண்டு நாள் போதும். நான் அதற்கு நாலு மாதம் திட்டம் போட்டேன்.

திட்டம் எனக்காக அல்ல, அப்பாவுக்காக. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் உடைத்துப் போட்டுத்தான் என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். பிப்ரவரியில் ஆறு மாத விசாவில் ஆக்லாந்து வந்தவர், பெட்ரோல் பங்கில் விற்ற ஐஸ் பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நடுவுல வெள்ளையா இருக்கு பாரு. காத்து நிக்கி. அவசரத்துல உறைய வச்சிருக்கான்” என்றார்.

அன்றைக்குத்தான் அவரிடம் டாஸ்மன் ஏரி வீடியோவைக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். “உறைய வைக்க மோட்டார் இல்லாம, அமோனியா இல்லாம இம்புட்டு ஐஸா? இத ஒருக்க பாத்துரணும்லே.” இங்கே இருந்த ஆறு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரமே இரண்டு டிக்கெட் போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? பென்ரோஸ் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் சிவநேசனிடம் போய்ச் சொன்னேன். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கும்போது, சிநேகிதர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாம் மட்டும் ஓர் இடம் போய்வந்தால் பிறகு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

“ஓம், நாங்களும் வாறம். பிள்ளையளுக்கு லீவு வரட்டும், எல்லாருமாச் சேந்து போவம்” என்றார் சிவநேசன்.

அன்று மாலையே வாட்ஸ்அப் குழு தொடங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினேழு பேர். புளியோதரை யார் வீட்டில், கோழிப் பொரியல் யார் வீட்டில் என்பதெல்லாம் முதல் வாரமே முடிவாகிவிட்டது. தேதிதான் முடிவாகவில்லை. ஒரு வீட்டில் பரீட்சை என்றார்கள், இன்னொரு வீட்டில் அஷ்டமியில் கிளம்பக் கூடாது என்றார்கள். அப்பா ஒவ்வொரு வெள்ளியும் “நாளைக்கா?” என்று கேட்பார். இல்லையென்று தலையாட்டுவேன். கடைசியில் எல்லாருக்கும் தோதான நாள் ஜூன் முதல் சனிக்கிழமை. ஏரியைச் சுற்றிக்காட்டும் படகுக்காரர்களுக்குப் போன் செய்தால், குளிர்காலத்துக்காக மே கடைசியோடு நிறுத்திவிடுவோம், இனி செப்டம்பரில்தான் என்றார்கள். இதை முதல் நாளே விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

விசா ஆகஸ்டில் முடிகிறது. “கரையில நின்னு பாக்க முடியாதா?” என்று அப்பா கேட்டார். முடியும். வருடம் முழுக்கப் பார்க்கலாம், காரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் நடந்தால் போதும். நானோ பெரிய மனிதன் மாதிரி, “போனா படகுல போவணும்ப்பா. அடுத்த தடவை வருவீங்கல்லா” என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனி இவ்வளவு தூரம் விமானத்தில் போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று அவர்தான் என்னை அனுப்பினார்.

மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். படகுக்கு இருநூற்றுச் சொச்சம் டாலர். ஏரித் தண்ணீர் சிமெண்டு கரைத்த மாதிரி சாம்பல் நிறம். அதில் பனிப்பாறைகள் அசையாமல் நின்றன. சிலவற்றின் மேல் மண்ணும் கல்லும் அப்பியிருந்தன. சமீபத்தில் புரண்ட ஒன்று மட்டும் நல்ல நீலம். படகில் நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் ஒருவர் இருவராக வந்தவர்கள். படகு ஓட்டிய பெண் தண்ணீரிலிருந்து ஒரு துண்டைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். கண்ணாடி போல இருந்தது, நடுவில் துளி வெள்ளை இல்லை. விரல் மரத்துப்போகும்வரை வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னை எடுத்து என்ன ஆகப் போகிறது?

ஐந்தரை மணிக்கு மலையடிவாரக் கிராமத்தில் சிக்னல் கிடைத்தது. தூத்துக்குடியில் காலை பத்து. முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

“பாத்துட்டியா? கூட யாரெல்லாம் வந்தா?”

“யாரும் வரலப்பா. நான் மட்டுந்தான்.”

“ஒத்த ஆளுக்குப் படகு எடுக்கானா?”

“எடுப்பாங்கப்பா. ஒருத்தர் வந்தாலும் ஏத்திக்கிடுவாங்க.”

“கூட்டம் சேந்தாத்தான் எடுப்பான்னுல்லா நெனச்சேன். அதுக்குத்தான் நீ ஆள் சேக்குதன்னு நானும் பேசாம இருந்தேன்.”

அத்தனை மாதமும் அவர் என்மேல் கோபப்படாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். அவர் கேட்டபோதே, ‘கூட்டம் இருந்தால்தான் எடுப்பார்கள்’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதைக்கூட நான் செய்யவில்லை.

“சரி, ஐஸ் எப்படி இருந்துச்சு? அதச் சொல்லு” என்றார்.

சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார்.