நாகத்தை அடித்த கை

எழுபதுகளின் கடைசியில், முரசுமோட்டையில் வாங்கிய காணியைத் துப்புரவாக்கும்போது அப்பா ஒரு நாகபாம்பை அடித்துக் கொன்றார். அடுத்த மாரியில் என் முழங்கைகளில் சிவந்த தடிப்புகள் வந்தன. பிறகு முழங்கால், முதுகு என்று பரவி, மேலே வெள்ளைச் செதில் படர்ந்தது. எங்களைப்போல யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய அயலுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. செதில் என்றால் பாம்புதான்.

டிஸ்பென்சரியில் சொறி என்று மருந்து தந்தார்கள். பூசியதும் நெருப்பாக எரிந்தது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் கரப்பன் என்று பத்தியம் சொன்னார். கத்தரிக்காய் போயிற்று, இறால் போயிற்று, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவளும் போய்விட்டாள். அதெல்லாம் பரவாயில்லை. சாதகம் பார்த்த சாத்திரியார் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தோல் வருத்தம் மாறுமட்டும் அடிச்ச கை பிள்ளையில படக்கூடாது."

அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அதுவரை என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போவார். பிறகு நான் காய்ச்சலில் கிடந்தாலும் வாசலில் நின்றே, "இப்ப எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போவார். செத்த பாம்பின்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வருடங்கள் கழித்து, வவுனியாவில் ஒரு தோல் டொக்டரிடம் போனோம். அவர் ஒரு செதிலை மெதுவாகச் சுரண்டினார். கீழே ஊசிமுனையளவில் இரத்தம் பொட்டுப்பொட்டாகத் துளிர்த்தது.

"உங்கட குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

"இல்லை ஐயா," என்றார் அப்பா.

அம்மா எழும்பிக் கொண்டையை அவிழ்த்து, பின்தலை மயிரை விலக்கிக் காட்டினார். அதே சிவப்பு, அதே செதில்.

"கலியாணத்துக்கு முந்தியே இருந்தது. சொன்னால் கட்டமாட்டியள் எண்டு பயந்தனான். பிறகு சொல்ல வாய் வரேல்லை."

இவ்வளவு காலமும் அப்பா பாம்புக்கு நேர்த்தி வைத்துத் திரிந்ததை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சொரியாசிஸ் என்றார் டொக்டர். பரம்பரையாகவும் வரும், ஒட்டாது, முற்றாக மாறவும் மாறாது. அப்பா அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"அப்ப நான் பிள்ளையைத் தொடலாமோ?"

"ஒட்டாது எண்டு சொன்னனான்தானே. தாராளமாத் தொடுங்கோ."

சாத்திரியார் போட்ட தடை டொக்டருக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்ததும் அப்பா என்னை அணைக்கக் கையை நீட்டினார். வாசல் நிறைய ஆட்கள். நான் பெரியபிள்ளையாகி, முந்திய மாதம்தான் எனக்குச் சாமத்தியச் சடங்கு நடந்திருந்தது. நான் கூச்சத்தில் விலகி, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.