மீன் குஞ்சுகளைத் தண்ணீருக்குப் பழக்கியவர்

அவருக்கு வீட்டிலும் வெளியிலும் 'அவசரம்' என்றுதான் பெயர். காப்பி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவர் விடிந்ததிலிருந்து கொல்லைப்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் அண்டாவின் முன்னால் குந்தியிருந்தார்.

அண்டாவுக்குள் மீன் குஞ்சுகள். பண்ணையில் நல்ல தண்ணீரில் பிறந்தவை. அவருடைய தொட்டியில் இருப்பதோ காரம் ஏறிய போர்வெல் தண்ணீர். தொட்டால் சோப்பு போட்டதுபோல் வழுக்கும். போன தடவை குஞ்சுகளை வந்த வேகத்தில் அதில் கொட்டினார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. இந்தத் தடவையும் போனால், தொட்டியை மண் போட்டு மூடிவிட்டு மச்சானின் மாவு மில்லில் மூட்டை தூக்கப் போவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

பண்ணைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "உன் தண்ணியில மீனோட கழிவு செவுள் வழியா லேசுல வெளிய போகாது. அதுக்கு உடம்பு பழகணும். உன் தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா கலந்துக்கிட்டே வா, சில நாள் ஆகட்டும். அவசரப்படாதேன்னு உன்கிட்டப் போய்ச் சொல்றேன் பாரு."

தொட்டித் தண்ணீரில் ஒரு குவளை ஊற்றுவார், பார்ப்பார். குஞ்சுகள் அடியில் ஒதுங்கிச் செவுளைப் படபடவென்று அடிக்கும். 'ஆண்டவனே, என் கையை நீதான் பிடிச்சுக்கணும்' என்று வேண்டிக்கொள்வார்.

பாதித் தண்ணீர் மாறியிருந்த சமயம், தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டார் நின்றுபோகவே, அதைப் பார்க்கப் போனார். திரும்பினால் மனைவி காலிக் குடத்தோடு நிற்கிறார்.

"என்ன செஞ்சே?"

"வாயைப் பொளந்து பொளந்து மூடுதுங்க. பார்க்கச் சகிக்கல. குடிக்கிற தண்ணியில ஒரு குடம் ஊத்தினேன்."

அவர் அண்டாவில் விரலை விட்டுப் பார்த்தார். "பாவம் பார்த்துப் பழையபடி ஆக்கிட்டியே."

"நீங்க அன்னிக்குக் கொட்டினப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

அவர் குவளையைத் தொட்டித் தண்ணீரில் முக்கினார்.

"நகருங்க," என்றார் மனைவி. "நான் ஊத்துறேன். உங்க கை அவசரப்படும்."

மாலையில் மச்சான் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, மீனுக்கு ஊட்டி விடுறீங்களா? மில்லுக்கு எப்ப வர்றீங்க?"

"அண்ணே, உன் நிழல் விழுது. மிரளும், தள்ளி நில்லு," என்றார் மனைவி, குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகும் சில நாள் இருவரும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். அண்டாவும் தொட்டியும் ஒரே வழுக்கல் என்று விரல் சொன்ன அன்று, அண்டாவைத் தொட்டிக்குள் மெல்லச் சாய்த்தார்கள். குஞ்சுகள் ஆழத்தில் மறைந்தன.

மறுநாள் காலை ஓரத்தில் சில மிதந்தன. மற்றவை கண்ணில் படவே இல்லை.

"இருக்குதுங்களா?"

"தெரியல."

மனைவி ஒரு பிடி தவிட்டைத் தூவினார். தவிடு அப்படியே மிதந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க பாருங்க," என்றார் மனைவி மெதுவாக.

தவிட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழி. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் தொட்டி முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள் பட்டுத் தண்ணீர் பொட்டுப் பொட்டாகக் குழிந்தது.