நான்காவது தூண்

காலை பத்தே காலுக்குச் செய்தி வந்தது. ஆரியசாலையில் மிளகாய்க் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் கோலப்பன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நெல்லையப்பன் ஆசாரியின் மைத்துனர் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிச் சொன்னார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஆசாரி பிறகு எழுந்திருக்கவில்லை.

கோலப்பன் உள்ளே போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். இருவரும் கரமனையில் ஒரே வளவில் பத்தொன்பது வருஷம் குடியிருந்தவர்கள். ஆசாரி தென்காசியிலிருந்து வந்து, சாலைச் சந்தைக் கடைகளுக்குச் சரக்குப் பெட்டி அடித்தே காலம் தள்ளியவர். பிள்ளைகள் இல்லை. மனைவி வடிவம்மாளுக்குக் கண் மங்கியதிலிருந்து சோறு வடித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

எழுபத்துமூன்றாம் வருஷத்து இடவப்பாதி மழைக்காலம் அது. கிட்டங்கி மச்சின் உத்தரம் தொய்ந்திருந்தது. போன வாரம் முட்டுக் கொடுக்கச் சதுரத் தூண் கேட்டார் ஆசாரி. முதலாளி திரவியம் பழைய அயினிப் பலகைகளைக் காட்டினார். மரம் அதே அளவுதானே, அகலமாகவும் இருக்கிறதே என்றார். ஒன்றை நிறுத்தி, மேலே பத்து மூட்டை வைத்துப் பார்த்தார்கள். பலகை அதன் மெலிந்த பக்கமாக வில்போல் வளைந்தது.

மூட்டைகளை இறக்கிய பின், ஆசாரி இரண்டு பலகைகளை மூலைமட்டமாகச் சேர்த்து ஆணி அடித்தார். ஒன்றின் மெலிவுக்கு மற்றதன் அகலம் காவல்.

"என்ன ஓய், பலகைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கீரா?" என்றார் முதலாளி.

"சீதனம் வேண்டாம் மொதலாளி. ஆணி மட்டும் தந்தா மதி."

மூன்று தூண்கள் அப்படி நின்றன. நேற்று மாலை பையைத் தூக்கும்போது ஆசாரி கோலப்பனிடம் சொன்னார்: "நாலாவதை நாளைக்குச் சேத்தடிச்சிடுதேன். அதுவரை மச்சுல ஒரு மூட்டை ஏத்த விடாதீரும்."

பதினொரு மணிக்கு லாரி வந்தது. வானம் கறுத்திருந்தது. முதலாளி ஆசாரிக்காக வருத்தப்பட்டார். பிறகு, மூன்று தூண் போதும், ஏற்றுங்கள் என்றார். நனைந்தால் மிளகாய் பூசணம் பிடித்துவிடும். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஏணியருகே வந்தார்கள். அதுவரை முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத கோலப்பன் ஏணியின் முதல் படியில் ஏறி நின்றார்.

"ஏத்தாண்டாம் மொதலாளி. ஆசாரி சொல்லிட்டுப் போயிருக்காரு."

குரல் உயரவில்லை, களைத்திருந்தது. முதலாளி சுமட்டுக்காரர்களை ஏணியிலிருந்து விலகக் கை காட்டினார். பிறகு மூட்டைகளைக் கீழே நடைவழியில் அடுக்கித் தார்ப்பாய் போடச் சொன்னார்.

அடுக்கி முடித்ததும் கோலப்பன் கரமனைக்குப் புறப்பட்டார். நான்காவது தூணுக்கு ஒரு பலகைதான் நின்றது. மற்றது, ஐந்து ஆணிகள் பாதி இறங்கியபடி, சுவரில் சாய்ந்திருந்தது.