பெயரில்லாத டப்பா

வீரணன் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் காம்பாக்டிங் மெஷின் ஓட்டினான். துணியை நீராவியில் அழுத்திச் சீராக்கும் வேலை. நாள் முழுக்க இடுப்பு மட்டத்தில் வெக்கை அடிக்கும். உசிலம்பட்டியிலிருந்து வந்தவன், அதே கம்பெனியில் தைக்கும் ஒச்சம்மாளைக் கட்டிக்கொண்டான். வருஷங்கள் போயும் குழந்தை இல்லை. சோதித்ததில், அவனுக்கு விந்தணு குறைவு என்று தெரிந்தது.

“வெக்கையில நிக்காம வேற செக்சனுக்கு மாறுங்க. பீடியை விடுங்க. முட்டை, கீரை, நிலக்கடலை நல்லாச் சாப்பிடுங்க. சில மாசம் பொறுக்கோணுங்க,” என்றார் டாக்டரம்மா.

கீரையும் கடலையுமா ஆம்பளைக்கு வைத்தியம் என்று வீரணனுக்கு மனசு ஒப்பவில்லை. டீக்கடையில் பழக்கமான முருகவேல் ஒரு வெள்ளை டப்பா நிறையப் பொடி கொடுத்தான். அதன்மேல் எந்தப் பெயரும் இல்லை.

“பால்ல கலக்கிக் குடிங்க. நானும் இதைத்தானுங்க குடிக்கறேன்.”

தொட்டுப் பார்க்கச் சொன்னான். முருகவேலின் தோள் கல்லாக இருந்தது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டு பேர் தூக்கும் துணி ரோலை வீரணன் ஒற்றை ஆளாகத் தூக்கினான். தாடி கருகருவென்று அடர்ந்தது.

பிறகு, வீட்டுக்காரம்மா சாரதாமணியின் நாய் அவனைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தது. அவன் கையிலிருந்து பிஸ்கட் தின்ற நாய். குரைக்கவில்லை, வாலை இடுக்கிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கேயே பார்த்தது.

“ஏனுங்க தம்பி, உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே மாடிப்படிக்கடியில போய்ப் படுத்துக்குதுங்க,” என்றாள் சாரதாமணி. சொல்லிக்கொண்டே அவளும் ஓர் எட்டு பின்னால் நகர்ந்ததை வீரணன் பார்த்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த ஒச்சம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வீரணன் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். பற்கள் நறநறவென்று அரைபட்டன. கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் உதடுகள் அசையத் திரும்பினான். அவள் யாரென்று அந்தக் கண்களுக்குத் தெரிய நேரமாயிற்று.

“உங்க வாசமே மாறிப்போச்சுங்க. பக்கத்துல வேற யாரோ படுத்திருக்க மாதிரி இருக்கு,” என்று அழுதாள்.

வீரணன் வெட்கத்தை விட்டு அவளிடம் சொன்னான்: விதைகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

மறுபடி சோதித்தார்கள். விந்தணு ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். பொடியில் ஆண் ஹார்மோன் கலந்திருந்தது.

“வெளியிலிருந்து ரெடிமேடா சரக்கு வந்தா கம்பெனி மெஷினை நிறுத்திருவாங்கல்ல? உங்க உடம்பும் அதைத்தான் செஞ்சிருக்குதுங்க. ஆம்பளைத்தனம் ஏறுன மாதிரி தெரியும். உள்ள உற்பத்தியே இருக்காது.”

சண்டை போடத்தான் வீரணன் முருகவேலின் வீட்டுக்குப் போனான். பட்டப்பகலில் ஜன்னல்கள் அடைத்திருந்தன. உள்ளே கொடியில் ஒரு சேலைகூட இல்லை. முருகவேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நறநறவென்று அதே சத்தம்.

“நிறுத்திப் பார்த்தேனுங்க,” என்றான் திரும்பாமலே. “நிறுத்தினா எந்திரிக்கவே முடியலீங்க. எம் பொண்டாட்டி கோவிச்சுட்டு அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. நான் இங்க தனியா இல்லீங்க, பாருங்க...”

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. சண்டை போட வந்ததை வீரணன் மறந்தான். “எங்க டாக்டரம்மாகிட்ட வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்,” என்று கெஞ்சினான். முருகவேல் தலையை மட்டும் ஆட்டினான், எழுந்திருக்கவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி வீரணன் பொடியை நிறுத்தினான். கை கால் துவண்டது. காரணமில்லாமல் அழுகை வந்தது. ஒச்சம்மாள் லீவு போட்டு முட்டையும் கீரையும் ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள். சம்பளம் குறைந்தாலும் பேக்கிங் செக்சனுக்கு மாறினான். அடுத்த கோடைக்குள் விந்தணுக்கள் மெல்லத் திரும்பின. ஆடி பிறந்தபோது ஒச்சம்மாளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் இருவரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த ஞாயித்துக்கெழமை, தோளைத் தொட்டப்போ நீங்க எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“நான் எதுவும் பேசலையே. என்ன சொன்னேன்?”

ஒச்சம்மாள் அவனையே பார்த்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“வேணாம்,” என்றாள். “அது நீங்க இல்ல.”